இஞ்சி வீட்டில் புதுசாக ஒருத்தி!

"அத்தை, இது கஸ்தூரி மஞ்சளே இல்லீங்க!"

என் நாத்தனார் மகள் இப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பது வருஷமாகச் சமையல் கட்டில் நிற்கிறவளிடம், இன்னும் கல்யாணம்கூட ஆகாத பெண் மஞ்சளைப் பற்றிப் பாடம் நடத்துவதா?

ஆனால் கோபப்படுகிற நிலையில் நான் இல்லை. தலைப் பிரசவத்துக்கு என் மகள் வந்திருந்தாள். பேத்திக்கு அன்றைக்கு முப்பத்திரண்டாம் நாள். குழந்தையின் கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் செக்கச் செவேலென்று தடிப்பு. ராத்திரி முழுக்க அழுகை. "குளிக்க வெக்கறப்ப என்ன போடறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டதும் நான் பெருமையாகவே சொன்னேன்: "பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும்ங்க. கடையில கிழங்கா வாங்கி நானே இடிச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "தடிப்பு எதனால வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பச்சைக் குழந்தைத் தோல் ரொம்ப மெலிசு. எந்தப் பொடியும் வேண்டாம். வெறும் வெதுவெதுப்பான தண்ணி போதும்" என்றார். நிறுத்தினோம். ஐந்தாறு நாளில் தடிப்பு அடங்கியது.

மிச்சமிருந்த கிழங்குகள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தன. குழந்தையைப் பார்க்க வந்த நாத்தனார் மகள் அதில் ஒன்றை எடுத்து, அரிவாள்மனையில் குறுக்கே நறுக்கினாள். உள்ளே அடர்ந்த மஞ்சள். மோந்து பார்த்தாள். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

அவள் செடிகொடிகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். அதிலும் இஞ்சிக் குடும்பம்தான் அவளுடைய பாடம். "நிஜமான கஸ்தூரி மஞ்சள் உள்ளே இவ்வளவு மஞ்சளா இருக்காதுங்க அத்தை. வெளுத்த பாலாடை நிறம். கற்பூரம் மாதிரி வாசம் வரும். பூசினா தோல்ல கறை பிடிக்காது. உங்க கை விரலைப் பாருங்க!"

பார்த்தேன். இடித்து மூன்று வாரமாகியும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை.

"அப்ப இது என்ன கண்ணு?"

"இதே இனத்துல வேற ஒண்ணு. பார்த்தா அக்கா தங்கச்சி மாதிரித்தான் இருக்கும். பேர் தெரியாம கலந்து விக்கறாங்க. விக்கறவருக்கே தெரியாதுங்க. பொல்லாப்பு ஒண்ணும் இல்லை."

விற்றவருக்கும் தெரியாது, வாங்கிய எனக்கும் தெரியாது. அப்படியானால் யாருக்குத்தான் தெரியும்? இது இதுதான், அது வேறு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? அந்தக் கேள்விதான் என்னை லாலி ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

வாசக சகோதரிகளே, போவதற்கு முன்னால் இந்தக் குடும்பத்தின் உறவு முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், சித்தரத்தை, பேரரத்தை எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய் இஞ்சி என்று ஊறுகாய் போடுகிறோமே, அது இஞ்சியே இல்லையாம்! மஞ்சளின் நேர் தங்கையாம். எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. வாசம் மாங்காய், பேர் இஞ்சி, பிறப்பு மஞ்சள்! உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் 50க்கும் மேற்பட்ட கிளைகளும், 1,500க்கும் மேற்பட்ட தனித்தனிச் செடி வகைகளும் இருக்கின்றன. கிளைக்குப் 'பேரினம்' என்றும், தனி வகைக்குச் 'சிற்றினம்' என்றும் பள்ளிப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் இருக்கலாம். குலப் பெயரும் சொந்தப் பெயரும் மாதிரி. இஞ்சிக்கு ஜிஞ்சிபர் என்பது குலப் பெயர், அஃபிசினாலே என்பது சொந்தப் பெயர். அந்த ஜிஞ்சிபர் என்ற சொல்லே சுற்றி வளைத்து நம்முடைய 'இஞ்சி'யிலிருந்து போனதுதான் என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள்.

லாலி ரோட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. 1955-ல் ஏற்பட்டது. அதற்குள்ளே 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' என்ற உலர்ந்த செடிகளின் களஞ்சியம். பெயரில்தான் மெட்ராஸ். அது கோவைக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும், மருதமலைக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியில் பஸ்ஸில் போயிருக்கிறேனே தவிர, உள்ளே இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. நாத்தனார் மகள் முன்கூட்டியே அனுமதி வாங்கி அழைத்துப் போனாள்.

உள்ளே நுழைந்ததும் பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்த வாசம். அந்துருண்டை! வரிசை வரிசையாக இரும்பு பீரோக்கள். அதற்குள்ளே கெட்டி அட்டைகள், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு காய்ந்த செடி. இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன என்றாள். சாதாரணமாக 42 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம். தண்டை ஊசி நூலால் தைத்திருக்கிறார்கள். நம் எம்ப்ராய்டரி கெட்டது போங்கள், அவ்வளவு நறுவிசு. மூலையில் ஒரு சீட்டு: எந்த ஊர், எந்த மலை, எத்தனை அடி உயரம், என்ன தேதி, யார் எடுத்தது, பூ என்ன நிறம். சில சீட்டுகளில் மை பழுப்பேறிப் போயிருந்தது. நான் ஆசையாகக் கை நீட்டியதும், "தொடாதீங்க அத்தை! பழைய காலத்துல பூச்சி அரிக்காம இருக்க விஷ மருந்து போட்டிருப்பாங்க" என்று தடுத்துவிட்டாள்.

கோயமுத்தூரில் வன அதிகாரியாக இருந்த ஃபிஷர் என்ற வெள்ளைக்காரர், ஆனைமலையின் செடிகளைப் பற்றி 1921-ல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பிறகு காம்பிள் என்பவர் தொடங்கி முடிக்காமல் காலமாகிவிட்ட சென்னை ராஜதானியின் தாவரப் புத்தகத்தையும் 1936-ல் அவர்தான் முடித்தார். இன்றைக்கும் ஒரு செடியைக் கையில் எடுத்ததும் ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டுகிற புத்தகம் அது.

"இத்தனை பேர் பார்த்து எழுதி முடிச்ச பிறகும் புதுசா ஒரு செடி கிடைக்குமா கண்ணு?" என்று கேட்டேன்.

"கிடைக்குதே! நம்ம ஆனைமலை பேரிலேயே ஒரு இஞ்சி இருக்குதுங்க."

ஜிஞ்சிபர் ஆனமலையானம். பீச்சியில் இருக்கிற கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சுஜனபால், சசிதரன் என்ற இருவரும் 2010-ல் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள். பொள்ளாச்சியில் நின்று பார்த்தால் நீலமாகத் தெரிகிறதே, அந்த மலைத்தொடரின் பெயர் ஒரு இஞ்சிக்கு! பொள்ளாச்சிச் சந்தைக்கு எத்தனை முறை போயிருப்பேன், ஒருவரும் சொல்லவில்லையே.

அவ்வளவு நாள் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? இந்தக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் வருஷத்தில் பாதி நாள் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. கோடையில் இலை முழுக்கக் காய்ந்து விழுந்துவிடும். மழை விழுந்ததும் முளைத்து, ஆனி, ஆடி, ஆவணியில் பூக்கும். அந்த மழையில் மலைக்காட்டில் யார் நடப்பது? அட்டைக்கும் யானைக்கும் தப்பித்து நடக்க வேண்டும். நடந்தாலும், பூ சில வகைகளில் தண்டின் உச்சியில் இருக்காது. தரையோடு தரையாக, சருகுக்கு அடியில் எட்டிப் பார்க்கும். ஒரு பூ ஒரு பகல் நின்றால் அதிகம். காட்டில் வாழ்கிற காடர், மலசர் பெண்களுக்கு இவை எங்கே முளைக்கும் என்று அத்துப்படி. அவர்கள் கூட வராவிட்டால் பாதிச் செடிகளைத் தாண்டிப் போய்விடுவோம் என்று நாத்தனார் மகளே சொன்னாள்.

கண்டுபிடித்தாலும் பத்திரப்படுத்துவது அடுத்த கஷ்டம். நாம் வடகம் காய வைப்பது மாதிரித்தான் வேலை. பழைய செய்தித்தாளுக்கு நடுவில் செடியை வைத்து, மேலே பாரம் ஏற்றி, தினமும் தாள் மாற்ற வேண்டும். மற்றச் செடிகளுக்கு இது சரி. இஞ்சிப் பூவோ தண்ணீரும் சதையுமாக, ரோஜா இதழைவிட மெலிசாக இருக்கிறது. அழுத்தினால் நசுங்கி, கறுத்து, தாளோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு அது வெள்ளையா சிவப்பா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் பழைய அட்டைகளில் இலை இருக்கும், பூ இருக்காது. பூ இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு போனவர்கள் பலர் தப்பான பெயர் எழுதிவிட்டார்கள். இந்தக் காலத்தில் பூவைத் தனியாகச் சாராயக் குப்பியில் போட்டு வைக்கிறார்கள். பறித்த இடத்திலேயே நிறத்தை எழுதி, படமும் எடுத்துவிடுகிறார்கள். கிழங்கைக் கொண்டு வந்து தோட்டத்தில் வளர்த்து, அடுத்த வருஷம் பூக்கும்போது மறுபடி பார்க்கிறார்கள். கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத் தோட்டத்தில் இப்படி வளர்த்துப் பார்த்தே, சாபு என்ற பேராசிரியர் தென்னிந்தியாவின் இஞ்சிக் குடும்பம் முழுவதையும் பற்றி 2006-ல் ஒரு பெரிய புத்தகம் கொண்டு வந்தார்.

பூவில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? அதை எனக்கு வீட்டுப் புழக்கடையிலேயே காட்டினாள். கிணற்றடியில் நாலு தூர் மஞ்சள் வைத்திருக்கிறேன், பொங்கலுக்குக் கொத்தாக எடுக்க. புரட்டாசியில் ஒன்று பூத்திருந்தது. நீங்களும் வீட்டில் இருந்தால் செய்து பாருங்கள். பூதக்கண்ணாடி ஒன்று, தையல் ஊசி ஒன்று, பழைய பிளேடு ஒன்று போதும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மேலே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அழகாக நிற்கிறதே, நாம் பூ என்று நினைப்பது, அது பூவே இல்லை. மேல் செதில்கள். வண்டுகளைக் கூப்பிடுகிற தோரணம். அதற்குக் கீழே பச்சைச் செதில்கள் பை பையாக ஒட்டியிருக்கும். நிஜப் பூ அந்தப் பைக்குள்ளிருந்து வெளிர் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். ஊசியால் மெதுவாக வெளியே எடுத்தாள். நான் இதழ் என்று காட்டியதைப் பார்த்துச் சிரித்தாள். "அது இதழ் இல்லீங்க அத்தை. மகரந்தத்தாளா இருந்து, வேலையை விட்டுட்டு, இதழ் வேஷம் போட்டிருக்கிறது!"

ஆமாம். இந்தக் குடும்பத்தில் மகரந்தம் தருகிற தாள் ஒன்றே ஒன்றுதான். மற்றவை இதழாக மாறி, இரண்டு ஒன்றாக ஒட்டி, முன்னால் ஒரு உதடு மாதிரித் தொங்குகின்றன. வண்டு உட்காரத் திண்ணை. அசல் இதழ்கள் பின்னால் சின்னதாக ஒடுங்கி நிற்கின்றன. மாமியாரும் மருமகளும் நிறைந்த வீட்டில் வீட்டுக்காரர் தெரியாமல் போவது மாதிரி!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்ததுதான். அந்த ஒற்றை மகரந்தப்பைக்கு இரண்டு அறை. நடுவில் ஒரு பள்ளம். கீழே சூல்பையிலிருந்து மயிர் மாதிரி ஒரு இழை கிளம்பி, அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து, உச்சியில் தலை நீட்டுகிறது. ஊசிக்காதில் நூல் கோத்ததேதான்! அந்த நூல் தானாக நிற்க முடியாத அளவு மெலிசு. மகரந்தப்பைதான் தாங்கிப் பிடித்திருக்கிறது. மகரந்தப்பையின் அடியில் இரண்டு சின்ன முள். இது மஞ்சளின் அடையாளம். இஞ்சியில் முள்ளுக்குப் பதிலாக, பையின் உச்சியிலிருந்து ஒரு கொம்பு நீண்டு நூலைச் சுற்றிக்கொள்ளும். முதலில் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் இஞ்சியையும் ஏலத்தையும் ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார். லிவர்பூல் நகரத்தில் வக்கீலாகவும் பாங்கி முதலாளியாகவும் இருந்த ராஸ்கோ என்பவர், மகரந்தத்தாளை உற்றுப் பார்த்து, 1807-ல் இஞ்சிக்குத் தனிக் குடித்தனம் வைத்துக் கொடுத்தார். வக்கீலுக்குச் செடி மேல் என்ன ஆசையோ! இன்றைக்கும் இஞ்சியின் முழுப் பெயருக்குப் பின்னால் அவர் பெயரைத்தான் போடுகிறார்கள்.

காட்டில் கிடைத்தது புதுசா பழசா என்று தெரிய, இந்த முள், கொம்பு, உதட்டின் நுனி, செதிலில் மயிர் உண்டா இல்லையா, கிழங்கின் உள்நிறம் எல்லாவற்றையும் அளந்து எழுதுகிறார்கள். இலை நீளத்தை நம்ப முடியாதாம். நிழலில் நின்றால் நீளும், வெயிலில் நின்றால் குறுகும். பிறகு அதே பேரினத்தில் இதுவரை பெயர் வைத்த ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூல மாதிரி உண்டு. அதற்கு 'டைப்' என்று பெயர். மண்டியில் முத்திரை போட்ட எடைக்கல் இருக்குமே, அது மாதிரி. சந்தேகம் வந்தால் அதோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த மூல அட்டை கோவையில் இருக்கலாம், கல்கத்தாவில் இருக்கலாம், லண்டனிலும் இருக்கலாம். ஒன்றோடும் பொருந்தவில்லை என்று உறுதியானால்தான் புதுப் பெயர். எந்தச் செடியை வைத்துப் பெயர் வைத்தார்களோ அதைக் காயவைத்துக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். வர்ணனையை வெளியிட வேண்டும். 2011 முடிகிற வரைக்கும் அந்த வர்ணனை லத்தீன் மொழியில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம்.

பெயர் வைப்பது நமக்குப் பிடித்த வேலை ஆயிற்றே! கேரளத்து மலைகளில் கிடைத்த குள்ளமான காட்டு மஞ்சள் ஒன்றுக்கு 'குர்குமா வாமனா' என்று வைத்திருக்கிறார்கள். இன்னொன்றுக்கு 'ஹரிதா', அதாவது பச்சை. நம் லாலி ரோடு நிலையத்து விஞ்ஞானிகளே 1982-ல் ஒரு காட்டு மஞ்சளுக்குக் கண்ணனூர் ஊரின் பெயரை வைத்து வெளியிட்டார்கள். அன்சாரி, வி.ஜே. நாயர், என்.சி. நாயர் என்று மூன்று பேர். இப்படி வைத்த பெயரெல்லாம் நிலைத்துவிடும் என்றும் இல்லை. பின்னால் வருகிறவர் இன்னும் நுணுக்கிப் பார்த்து, இது ஏற்கெனவே பெயர் வைத்ததுதான் என்று சேர்த்துவிடுவதும் உண்டு. ஒன்றாக நினைத்ததை இரண்டாகப் பிரிப்பதும் உண்டு.

ஏலக்காயின் கதை இதற்கு நல்ல உதாரணம். அதன் பேரினத்துக்கு 'எலட்டேரியா' என்று பெயர். மலையாள ஏலத்தரியிலிருந்து வந்த சொல். அண்மை ஆண்டுகளில் இந்தியா, சிங்கப்பூர், டென்மார்க், பிரிட்டன், இலங்கை என்று பல நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் சேர்ந்து பார்த்ததில், நம் பாயசத்து ஏலத்துக்கு ஆறு கூடப்பிறந்தவர்கள் இருப்பதாகக் கண்டார்கள். நான்கு பேர், வேறு வீட்டுப் பிள்ளையாக வேறு பெயரில் எழுதப்பட்டிருந்தவர்கள். இரண்டு பேர் இதுவரை பெயரே இல்லாதவர்கள். அந்த இரண்டும் கேரள மலைகளில் கிடைத்தவை. இப்போது பூவை மட்டும் பார்ப்பதில்லை. செல்லுக்குள் இருக்கிற மரபுப் பொருளையும் படித்து உறவு சொல்கிறார்கள்.

செல்லுக்குள் பார்ப்பது என்றதும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள். அமெரிக்காவில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கி, 1930களில் நம் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். கரும்பின் செல்லுக்குள் இருக்கிற நூல் போன்ற குரோமோசோம்களை எண்ணி, எது எதோடு கலந்தால் நல்ல கரும்பு வரும் என்று ஆராய்ந்தவர். பின்னால், நேருவின் அழைப்பில் நாடு திரும்பி, இதே தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கிற பொறுப்பை ஏற்றார். அந்தக் காலத்தில், கல்யாணம் செய்துகொள்ளாமல், தனி மனுஷியாக! நம் ஊரில் எத்தனை பெண்களுக்கு இவர் பெயர் தெரியும்?

குரோமோசோம் எண்ணிப் பார்த்ததால்தான் மஞ்சளின் ரகசியமும் வெளியே வந்தது. நாம் பயிர் செய்கிற மஞ்சளுக்கு 63 குரோமோசோம். ஜோடி சேராத கணக்கு. அதனால் விதை பிடிப்பதில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் புகழ் பெற்ற மஞ்சளும் ஒவ்வொரு வருஷமும் மனுஷர் கை எடுத்து நட்டால்தான் உண்டு. நாம் நடுவதை நிறுத்தினால் அதற்குச் சந்ததி இல்லை. காட்டு மஞ்சள்கள் பலவும் அப்படி இல்லை. தானே விதை போட்டு, தானே முளைத்து, மலையில் குடித்தனம் நடத்துகின்றன. காட்டை அழித்தால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். பெயர் வைப்பதற்கு முன்பே போனவை எத்தனையோ.

கஸ்தூரி மஞ்சளுக்கு வருகிறேன். அதன் அசல் பெயர் குர்குமா அரோமாட்டிகா. அந்தப் பெயரில் கடைகளில் வருவது பெரும்பாலும் வேறு ஒரு மஞ்சள். அந்த 'வேறு ஒன்றுக்கு' விஞ்ஞானிகளே பல காலம் தப்பான பெயர் சொல்லி வந்தார்கள், அண்மையில்தான் திருத்தினார்கள் என்றால் பாருங்களேன்! பூலாங்கிழங்கு, கிச்சிலிக் கிழங்கு என்ற பெயர்களும் ஊருக்கு ஊர் வேறு வேறு கிழங்குக்குப் போகின்றன. நாட்டு மருந்துக் கடையில் நான் இப்போது செய்வது இதுதான்: பொடியாக வாங்குவதே இல்லை. கிழங்காக வாங்கி, ஒன்றை அங்கேயே உடைக்கச் சொல்லி, நிறமும் வாசமும் பார்க்கிறேன். கடைக்காரர், "என்னங்க அம்மிணி, நகைக்கடையில உரசிப் பார்க்கற மாதிரி பார்க்கறீங்க?" என்கிறார். பார்க்கட்டும். பெரியவர்கள் பூசிக்கொள்வதாக இருந்தாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பச்சைக் குழந்தைக்கு அசலே கிடைத்தாலும் வேண்டாம். நான் டாக்டரம்மாவிடம் வாங்கிய பேச்சு எனக்குப் போதும். இன்னொன்று, கரு மஞ்சள் வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று சொல்லி, ஒரு கிழங்குக்குக் கொள்ளை விலை வாங்குகிறார்கள். அதுவும் இந்தக் குடும்பத்தில் ஒரு சாதாரணச் செடிதான். பணம் கொட்டுவது விற்கிறவருக்கு!

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வரும்போதே எனக்கு ஒரு ஞாபகம். கொடுமுடிப் பக்கம் என் பிறந்த ஊர். காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்தில் எங்கள் அம்மாயி ஒரு தூர் கஸ்தூரி மஞ்சள் வைத்திருந்தார். வயல் மஞ்சளோடு அதைச் சேர்க்கவே மாட்டார். "இது வேற சாமி" என்பார். எங்கிருந்து கொண்டு வந்தாரோ தெரியாது. எங்களுக்கெல்லாம் கல்யாணத்துக்கு அதில்தான் நலங்கு. அண்ணன் அந்த இடத்தைக் கிரயம் பேசிக்கொண்டிருந்தார். வீட்டு மனை போடப் போகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாத்தனார் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

தூர் இருந்தது! தை மாசம், இலை காய்ந்து சாய்ந்திருந்தது. கடப்பாரை போட்டு இரண்டு கிழங்கு எடுத்தோம். நறுக்கினாள். உள்ளே பாலாடை நிறம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கஸ்தூரி மஞ்சள்தானே கண்ணு? அம்மாயி சொன்னது நிஜம்தானே?"

"நிறம் சரியா இருக்குதுங்க அத்தை. வாசம் கொஞ்சம் வேற மாதிரி தெரியுது. பூ பார்க்காம நான் பேர் சொல்ல மாட்டேன்."

"அப்ப புதுசாக்கூட இருக்கலாமா?"

"அப்படிச் சொன்னா என்னைச் சிரிப்பாங்க! பத்துல ஒன்பது தடவை பழசாத்தான் இருக்கும். பூக்கட்டும், பார்க்கலாம்."

மண் தொட்டியில் செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து வைத்திருக்கிறேன். வைகாசி மழைக்கு முளை விட்டது. இப்போது ஆடி. நாலு இலை. இலையின் அடிப்பக்கம் பட்டு மாதிரி மெல்லிய மயிர் இருக்கிறது. அதைச் சொன்னதும், "அளவெடுத்து எழுதி வையுங்க" என்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டாள். தேதி போட்டு எழுதுகிறேன். பூ வரவில்லை. கிழங்கு புது மண்ணுக்குப் பழக இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலாமாம். பேத்தி இப்போது தவழ்கிறாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறாள். அவள் இலையைக் கிள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு என் பெரிய வேலை.